குளிருக்குக் கழி

எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் கொஞ்சம் கழித்துக்கொண்டுதான் அக்கா காதில் வாங்குவார். காரின் திரையில் நாற்பது சதவீதம் காட்டுகிறது என்றால் முப்பது என்பார். பிளம்பர் நாளைக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனால், காலண்டரில் நாளை மறுநாள் சாயங்காலத்தில் ஒரு புள்ளி வைப்பார். அவர் வைத்த மொச்சைக் குழம்பை நான் சப்புக்கொட்டிச் சாப்பிட்டுவிட்டுப் பாராட்டினால், பாதியை நான் எடுத்துக்கிறேன், மீதியை வீட்டில் உன் பொண்டாட்டியிடம் சொல்லு என்பார். கூடப் பிறந்த அக்கா இல்லை. கொடைக்கானலில் நாயுடுபுரம் போகிற ரோட்டில் ஒரு தகரக் கொட்டகையில் பேட்டரி பழுது பார்த்தவர். மலையில் மின்சாரக் கார் ஓட்டுகிற நாங்கள் பத்துப் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். எல்லோருக்குமே அவர் அக்காதான்.

எங்கள் டாக்சி ஸ்டாண்டில் முதன்முதலாக மின்சாரக் கார் எடுத்தவன் நான். எல்லோரும் வேண்டாம் என்றார்கள், அதனாலேயே எடுத்தேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம், அதற்கு மேல் வீம்பு. எடுத்த முதல் தை மாதம், கூக்காலுக்கு ஒரு குடும்பத்தைக் கூட்டிப் போய், ராத்திரி அங்கேயே தங்கிவிட்டு, விடிந்ததும் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தேன். புல்லெல்லாம் உப்புத் தூவியது போல உறைபனி. பூம்பாறைக்கு ஒரு மைல் இருக்கும்போது திரையில் பதினாலு காட்டியது. அடுத்த வளைவில் ஆறு. அதற்கடுத்த வளைவில் ஆமைப் படம் ஒன்று வந்தது. வண்டி கொஞ்ச தூரம் ஆமையாகவே ஊர்ந்து ரோட்டோரத்தில் நின்றுவிட்டது. ஸ்டாண்டுக்குப் போன் அடித்தேன். சிரித்து முடித்த பிறகு ஒருத்தன் இந்த அக்காவின் நம்பரைக் கொடுத்தான்.

பூண்டு ஏற்ற வந்த லாரியில் வந்து இறங்கினார். ஐம்பது வயதிருக்கும். சேலைக்கு மேல் ஆம்பளை ஸ்வெட்டர், காதை மூடி மஃப்ளர், தோளில் ஒரு ரெக்சின் பை. என்ன கோளாறு என்று கேட்கவில்லை. "வண்டி நேத்து எங்க படுத்துச்சு?" என்றார்.

எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது. கூக்கால் ஏரிக்கரையில் படுத்தது, அதற்கென்ன, பதினாலு இருக்கிறது என்று காட்டிவிட்டு இப்படிக் கழுத்தறுத்துவிட்டதே, கம்பெனிக்காரனைச் சும்மா விடமாட்டேன் என்று கத்தினேன். அவர் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தபடி நான் கத்தி முடிக்கும்வரை காத்திருந்தார்.

"பதினாலுன்னு காட்டுனா பதினாலாப்பா? குளிருக்குக் கழி. ஏத்தத்துக்குக் கழி. ஹீட்டரப் போட்டுக்கிட்டு சொகமா வந்திருப்ப, அதுக்குக் கழி. மிச்சம் என்ன இருக்கோ அதுதான் உன்னோடது."

அதே லாரியில் கயிறு கட்டி இழுத்தோம். வேகமாக இழுத்தால் மோட்டாருக்கு ஆகாது என்று சொல்லி, லாரி டிரைவரை நடக்கிற வேகத்துக்கு மேல் போக விடவில்லை. வண்டி கூடவே அவரும் நடந்து வந்தார். பூம்பாறையில் ஒரு வீட்டில் கேட்டு, அடுப்படி பிளக்கில் என் சார்ஜரைச் சொருகினேன். சிவப்பு விளக்கு எரிந்தது. பிடுங்கிச் சொருகினேன். மறுபடி சிவப்பு. அக்கா அந்த வீட்டம்மாவிடம் ஒரு வாளித் தண்ணீரும் கைப்பிடி உப்பும் கேட்டார். என்ன, காருக்குத் திருஷ்டி கழிக்கப் போகிறீர்களா என்று நான் நக்கலடித்தேன். அவர் வீட்டின் பின்பக்கம் போய், கரண்டுக்காரர்கள் பதித்த எர்த் குழியைத் தேடிப் பிடித்து, உப்பைப் போட்டுத் தண்ணீரை ஊற்றினார். மழை இல்லாமல் மண் காய்ந்து கிடக்கிறது, எர்த் கிடைக்காமல் சார்ஜர் பயந்துபோய் நிற்கிறது என்றார். உள்ளே போய்ப் பார்த்தால் பச்சை விளக்கு. நான் வாயை மூடிக்கொண்டேன். அன்றைக்கு மூடிய வாய், அவர் முன்னால் அப்புறம் பெரிதாகத் திறந்ததில்லை.

அவருடைய வீட்டுக்காரர் லாரி பேட்டரி பார்த்தவர். அவர் இறந்த பிறகு கொட்டகையை அக்கா எடுத்துக்கொண்டார். பள்ளிக்கூடத்தில் எட்டாவதுக்கு மேல் போகவில்லை. ஆனால் ஒவ்வொரு வண்டியும் எந்தக் குளிரில், எந்த ஏற்றத்தில், எவ்வளவு காட்டி, எங்கே நின்றது என்பதெல்லாம் மனப்பாடம். காலையில் வண்டி உயிரே இல்லாமல் கிடக்கிறது, கதவுகூடத் திறக்கவில்லை என்று யாராவது பதறிக்கொண்டு வந்தால், பெரிய பேட்டரியைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டார். ஸ்கூட்டரில் இருக்கிற அளவுக்கு ஒரு சின்ன பேட்டரி இந்தக் கார்களிலும் உண்டு. குளிரில் முதலில் சாவது அதுதான். அதற்கு வயர் கொடுத்து எழுப்பிவிட்டால் வண்டி கண் விழித்துவிடும். பெரியது நன்றாகத்தான் இருக்கும், சின்னதைப் பார் என்பது அவர் ஓயாமல் சொல்கிற ஒன்று.

ஒருமுறை சென்னைக்காரர் ஒருவர் ராத்திரி முழுக்க சார்ஜ் போட்டு, நூறு ஆகிவிட்டது என்ற பெருமையோடு கீழே இறங்கக் கிளம்பினார். அக்கா வண்டிக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். மலையில் இறங்கும்போது வண்டி தானே கரண்டு தயாரித்து பேட்டரிக்குத் திருப்பித் தரும், அந்த இழுப்பில்தான் வேகமும் மட்டுப்படும், நிறைந்த பாத்திரத்தில் அதை எங்கே ஊற்றுவது, முழுப் பாரமும் பிரேக்கில் விழுந்து வழியில் தீய்ந்துபோகும் என்று விளக்கினார். அந்த ஆள் கேட்கிற மாதிரி இல்லை. கடைசியில் அக்கா ஹீட்டரை முழுசாகத் திருப்பி, கண்ணாடியை இறக்கிவிட்டு, அவரையும் குடும்பத்தையும் ஒரு மணி நேரம் அங்கேயே உட்கார வைத்துத்தான் அனுப்பினார். அந்த ஒரு மணி நேரமும் அவர்களுக்கு டீ போட்டுக் கொடுத்தது நான்.

"எறக்கம் குடுக்குறத வாங்கிக்க எடம் வேணும்ங்க," என்று அவரிடம் மரியாதையாகச் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பிக் கண்ணடித்தார்.

கழிப்பதில் அவருக்கு ஆள் வித்தியாசம் கிடையாது. அங்கேதான் வினை.

அவருக்கு ஒரே மகள். படித்துவிட்டு சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்த்தாள். ஆறு வருஷத்துக்கு முன்னால் ஒரு பொங்கல் லீவில் வந்து, ஒருத்தரைப் பிடித்திருக்கிறது, கட்டிக்கொள்ளப் போகிறேன் என்றாள். கொட்டகையில் நானும் இருந்தேன், என் வண்டிக்கு அக்கா சின்ன பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தார். பையன் என்ன சொன்னான், எவ்வளவு சம்பளம், எங்கே வீடு என்று மகள் சொல்லச் சொல்ல, அக்கா ஸ்பேனரைத் திருகியபடியே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு, வழக்கமாக எங்களிடம் சொல்கிற அதே குரலில் சொன்னார்.

"ஆம்பள சொல்றதுல பாதியக் கழிச்சுக்கோ தாயி. இப்ப உனக்கு இருக்கிற ஆசைக்கு இன்னும் கொஞ்சம் கழி. மிச்சம் இருந்தாப் பாப்போம்."

அந்தப் பிள்ளையின் முகம் செத்துவிட்டது. சின்ன வயதிலிருந்து அவள் வாங்கி வந்த மார்க்கு, அவள் பாடின பாட்டு, அவளுக்கு வந்த வேலை எல்லாவற்றிலும் இந்தக் கழித்தல் நடந்திருக்கிறது என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. எங்களுக்கு அது வேடிக்கை. அவளுக்கு அது சாப்பாட்டுத் தட்டில் தினமும் குறைகிற ஒரு பிடி.

"சரிம்மா. அப்படியே என்னையும் கழிச்சுக்கோ," என்றாள். மத்தியான பஸ்ஸில் போய்விட்டாள். அப்புறம் வரவே இல்லை.

அக்கா அவளைப் பற்றிப் பேசமாட்டார். போன் போட்டுப் பேசுங்களேன் என்று நான் சொன்னால், போய் உன் சோலியைப் பார் என்பார். ஆனால் அவள் விட்டுப்போன மின்சார ஸ்கூட்டர் கொட்டகையின் மூலையில் நின்றது. அதன் பேட்டரியை மட்டும் கழற்றி, வீட்டுக்குள் அடுப்புக்குப் பக்கத்தில், அந்தப் பிள்ளையின் பழைய பள்ளிக்கூட ஸ்வெட்டரில் சுற்றி வைத்திருந்தார். ஓட்டாமல் கிடக்கிற பேட்டரி முழுசாக இருந்தாலும் கெட்டுவிடும், காலியாக இருந்தாலும் கெட்டுவிடும், பாதியில் வைத்தால்தான் தாங்கும். மாசம் ஒரு தடவை எடுத்துப் பார்த்து, குறைந்திருந்தால் ஐம்பதுக்கு ஏற்றி மறுபடி சுற்றி வைப்பார். ஆறு வருஷம் அதைச் செய்தார். எதற்கு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் சொல்லியிருக்கமாட்டார்.

போன மார்கழியில் அவருக்குச் சளி பிடித்தது. அதைப் பெரிதாக நினைக்காமல் பனியில் நின்று வேலை பார்த்தார். காய்ச்சல் வந்தது, நெஞ்சு இரைந்தது. டவுன் டாக்டர் மாத்திரை கொடுத்து, படுத்தே இருக்கச் சொன்னார். என் மனைவி போய்க் கூட இருந்தாள். அந்த வாரம்தான் நான் ஒரு காரியம் செய்தேன். தெரிந்தவர்களைப் பிடித்து மகளின் நம்பரை வாங்கி, அம்மாவுக்கு முடியவில்லை என்று சொன்னேன். எந்த டாக்டர், என்ன மாத்திரை என்று கேட்டாள். பிறகு, வெள்ளிக்கிழமை காலை ரயிலில் கொடைரோட்டுக்கு வருகிறேன் அண்ணே என்றாள்.

அக்காவிடம் சொன்னபோது கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். கழிப்பார் என்று காத்திருந்தேன். "வெள்ளிக்கிழமைன்னா வெள்ளனே கெளம்பணுமேப்பா, வண்டிய ராத்திரி உள்ள நிப்பாட்டு," என்று மட்டும் சொன்னார். என் மனைவியிடம் தலைக்கு எண்ணெய் வைத்துவிடச் சொன்னாராம்.

ரயில் வந்தது. இறங்கியவர்கள் இறங்கிப் போனார்கள். பிளாட்பாரம் காலியாகிற வரைக்கும் நின்றேன். போன் அடித்தேன், அணைத்து வைத்திருந்தது. மறுபடி மறுபடி அடித்தேன். மலை ஏறித் திரும்புகிற வழியெல்லாம் அந்தப் பெண்ணைத் திட்டிக்கொண்டே வந்தேன். ஊர் நெருங்க நெருங்கத் திட்டு நின்று, அக்காவிடம் என்ன சொல்வது என்று யோசிக்க ஆரம்பித்தேன்.

அக்கா ஜன்னலோரம் தலையணை வைத்து உட்கார்ந்திருந்தார். தலை படிய வாரியிருந்தது. துவைத்த சேலை. கார் நின்றதையும், ஒரே ஒரு கதவு திறந்து மூடியதையும் கேட்டிருப்பார். நான் உள்ளே போனதும் என் முதுகுக்குப் பின்னால் வாசலைப் பார்த்தார்.

என்னால் அந்தக் கண்ணைப் பார்க்க முடியவில்லை. "கடையில லீவு கெடைக்கலயாம்க்கா. ரெண்டு நாள்ல வந்துர்றேன்னு போன் பண்ணுச்சு," என்றேன்.

வாயில் வந்த எண் அது. அவர் எப்படியும் கழிப்பார், ரெண்டு நாள் என்றால் நாலு நாள் என்பார், இல்லை வரவேமாட்டாள் என்று சொல்லிவிடுவார், என் பொய்யும் அதோடு போய்விடும் என்று நினைத்தேன். வாழ்நாள் முழுக்க யார் சொன்ன எண்ணையும் நம்பாதவர். ஆனால் அவர் தலையை ஆட்டி, விரலை மடக்கினார்.

"ரெண்டு நாளா? அப்ப ஞாயித்துக்கிழம. தாங்கும்."

அன்று சாயங்காலம், ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிற பக்கத்து வீட்டு நர்ஸம்மா வந்து விரலில் ஆக்சிஜன் அளக்கிற கிளிப்பை மாட்டிப் பார்த்தார். எண்பத்தெட்டு. மூச்சுக் காற்று ரொம்பக் குறைவு, இங்கே வைத்துச் சமாளிக்க முடியாது, இப்போதே கீழே திண்டுக்கல்லுக்குக் கொண்டுபோய் ஆக்சிஜன் வைக்க வேண்டும் என்றார். வண்டி வாசலில்தான் நின்றது. நான் சாவியை எடுத்துவிட்டேன்.

அக்கா அந்தக் கிளிப்பைத் தன் விரலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"கையி ஐஸாக் கெடக்குங்க. இதுல சரியாக் காட்டாது. குளிருக்குக் கூட்டிக்கோங்க."

நர்ஸம்மா அவர் கையைத் தன் கைக்குள் வைத்துத் தேய்த்துச் சூடு பண்ணி மறுபடி மாட்டினார். எண்பத்தொன்பது. பார்த்தீர்களா, ஏறுகிறது என்றார் அக்கா. அவர் கூட்டி நான் கேட்டது அது ஒன்றுதான். விரல் குளிர்ந்திருந்தால் அந்தக் கருவி குறைத்துக் காட்டும் என்பது மெய்தானாம், நர்ஸம்மாவே சொன்னார். ஆனால் இது அந்தக் குறைவு இல்லை என்றும் சொன்னார். அக்கா அசையவில்லை. அவள் வருகிற நேரத்தில் வீடு பூட்டிக் கிடக்கக்கூடாது, ஞாயிற்றுக்கிழமை அவளைப் பார்த்துவிட்டு எங்கே வேண்டுமானாலும் வருகிறேன் என்றார்.

அவள் வரவில்லை அக்கா, போன் பண்ணவும் இல்லை, நான் பொய் சொன்னேன். இவ்வளவுதான் நான் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லியிருந்தால் அவரைக் காரில் ஏற்றியிருக்கலாம். வெள்ளி சாயங்காலம் சொல்லவில்லை. சனிக்கிழமை முழுக்க அந்த வீட்டுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டே இருந்தேன், அன்றைக்கும் சொல்லவில்லை. அவர் கண்ணில் இருந்த வெளிச்சத்தை அணைக்க எனக்குத் துணிச்சல் இல்லை. ஸ்டாண்டில் எல்லோரிடமும் வரிந்துகட்டிக்கொண்டு சண்டைக்குப் போகிற எனக்கு, ஒரு உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

ஞாயிற்றுக்கிழமை வெள்ளனே என் மனைவி போன் பண்ணினாள். போய்ப் பார்த்தால் உதடு நீலம் பாரித்திருந்தது. யாரையும் கேட்கவில்லை. போர்வையோடு தூக்கிக்கொண்டு போய்க் காரில் கிடத்தினேன். என் மனைவி பின்சீட்டில் அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். வண்டி ஒரு குறையும் சொல்லாமல் கிளம்பியது. அவர் சொல்லிக் கொடுத்தபடி உள்ளே நிறுத்தி, எண்பதுக்கு மேல் ஏற்றாமல் வைத்திருந்தேன். எழுபத்தாறு காட்டியது.

பெருமாள்மலை வரைக்கும் ஒன்றும் ஏறாது, பேட்டரி குளிர்ந்து கிடக்கும் என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். அப்படியே நடந்தது, எழுபத்திரண்டுக்கு வந்தது. அதைத் தாண்டி ஊத்து கிராமத்துப் பக்கம் இறங்கும்போது வண்டி இழுத்துப் பிடிக்க ஆரம்பித்தது. எழுபத்து மூன்று. பின்னாலிருந்து என்னவோ கேட்டார். என் மனைவி குனிந்து கேட்டு, எவ்வளவு காட்டுகிறது என்று கேட்கிறார் என்றாள்.

"எழுபத்து மூணுக்கா. ஏறுது," என்றேன்.

கொஞ்சம் கழித்து, இந்தத் தடவை எனக்கே கேட்டது. "வீட்டத் தொறந்து போட்டுட்டு வந்தியாப்பா? அவ வர்ற நாளு."

வீட்டுச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. "தொறந்துதான் இருக்குக்கா," என்றேன்.

அதற்குப் பிறகு அவர் பேசவில்லை. வளைவுக்கு வளைவு எண் ஏறிக்கொண்டே போனது. எழுபத்தைந்து. எழுபத்தெட்டு. கண்ணீரில் ரோடு தெரியாமல் துடைத்துத் துடைத்து ஓட்டினேன். அடிவாரச் செக்போஸ்ட்டை எட்டுவதற்கு முன்பே, என் மனைவி முன்னால் கையை நீட்டி என் தோளைத் தொட்டு, மெதுவாகவே போங்க, இனிமேல் அவசரம் இல்லை என்றாள். திரையில் எண்பது காட்டியது. அந்தத் திரையைக் கையால் அறைந்தேன்.

அங்கேயே நிறுத்தி மகளுக்குப் போன் அடித்தேன். இந்தத் தடவை எடுத்தாள்.

சாயங்காலம் வந்து சேர்ந்தாள். நான் சொன்ன கணக்கு பொய்யாகவில்லை. வெள்ளிக்கிழமையிலிருந்து சரியாக ரெண்டாம் நாள்தான் வந்தாள். கூடவே அவள் வீட்டுக்காரர் வந்தார், நல்ல மாதிரியான ஆள், அவள் விழுந்துவிடாமல் முழங்கையைப் பிடித்துக்கொண்டே நடந்தார். அம்மாவைப் பார்த்து அழுது ஓய்ந்த பிறகு, அடுப்படிக்குப் போனவள் அங்கேயே நின்றுவிட்டாள். தன் பள்ளிக்கூட ஸ்வெட்டரைப் பார்த்துவிட்டாள். பிரித்து, பேட்டரியின் பொத்தானை அமுக்கினாள். ஐம்பது காட்டியது.

பிறகு என்னிடம் வந்து, நான் கேட்காமலேயே சொன்னாள். வெள்ளிக்கிழமை ரயிலில் ஏறினது உண்மை. திண்டுக்கல் வரை வந்தாள். அடுத்த ஸ்டேஷன் கொடைரோடு. அம்மா என் முகத்தைப் பார்த்ததும் என்ன சொல்லுமோ, என் வாழ்க்கையில் எதைக் கழிக்குமோ என்று பயம் வந்துவிட்டது. இறங்கி, போனை அணைத்துவிட்டு, பஸ் ஏறித் திரும்பிப் போய்விட்டாள்.

அவளைத் திட்ட எனக்கு யோக்கியதை இல்லை. நான் செய்ததை அவளிடம் சொன்னேன். நீ ரெண்டு நாளில் வருவதாகச் சொன்னாய் என்று நான் பொய் சொன்னேன், அதை நம்பித்தான் அக்கா ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார் என்றேன். அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும். அவள் கேட்டது வேறு.

"ரெண்டு நாள்னு சொன்னதும் அம்மா என்ன சொல்லுச்சு?"

"தாங்கும்னு சொன்னாங்க."

"கழிக்கலயா?"

"இல்லம்மா."

நம்பாதவள் போல மறுபடியும் கேட்டாள். "கொஞ்சங்கூடவா கழிக்கல?"

"கழிக்கலம்மா. அப்படியே நம்பிட்டாங்க."